ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஹாட் ஸ்பிரிங்ஸ். சுமார் 38,000 பேர் வாழும் சின்ன ஊர். ஊரின் கடைத்தெருவுக்கு ஒரு பக்கம் ஓட்டல்களும் கடைகளும், எதிர்ப்பக்கம் தேசியப் பூங்கா. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாசலில் சாவடியும் இல்லை. சுற்றியிருக்கும் கார்லண்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) ஏரிகள், தோட்டம், படிகக்கல் சுரங்கம் எல்லாம் அரை மணி, முக்கால் மணி ஓட்டத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் ஆவி பறக்கும் ஒரு குளம் இருக்கும், போய் இறங்கிக் குளிக்கலாம் என்று நீச்சலுடையோடு வருகிறவர்கள் நிறைய. அப்படி ஒரு குளம் இங்கே இல்லை. திறந்தவெளியில் வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிக்கப் பூங்காவுக்குள் எங்கும் இடம் கிடையாது. ஊற்றுகளில் பெரும்பாலானவற்றை மூடி, குழாய் வழியாகக் குளியல் வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். குளிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து அந்த வீடுகளில்தான் குளிக்க வேண்டும். அந்த வீடுகளின் வேலை நேரத்தையும் வயது வரம்பையும் தெரிந்துகொண்ட பிறகு மற்றவற்றைத் திட்டமிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பயணத்தின் முக்கியமான காரியமே கைநழுவிவிடும்.

1. சரியான ஊர்தானா என்று பாருங்கள்

இந்தப் பெயரில் குழப்பம் அதிகம். தெற்கு டகோட்டாவிலும் வடக்கு கரோலினாவிலும் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர்கள் உண்டு. தங்குமிடத் தளத்தில் தேடும்போது மாநிலப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

ஆர்கன்சாவுக்குள்ளேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரம் இருப்பது கார்லண்ட் கவுண்டியில். 'ஹாட் ஸ்பிரிங் கவுண்டி' என்பது பக்கத்துக் கவுண்டி. அதன் தலைமையிடம் மால்வெர்ன். அடுத்தது 'ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜ்'. வாடகை வீடு தேடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பெயரைப் பார்த்து ஊரின் ஒரு பகுதி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது வடக்கே தள்ளி, வாயில் காவலோடு இருக்கும் தனிக் குடியிருப்பு. கடைத்தெருவுக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். உள்ளே நுழைய வீட்டு உரிமையாளர் முன்கூட்டியே உங்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். கோல்ஃப் ஆடவும் ஏரிக்கரையில் அமைதியாக இருக்கவும் அது நல்ல இடம். குளியலும் கடைத்தெருவும் பார்க்க வருகிறவர்களுக்கு ஆகாது.

2. எப்போது போவது

மார்ச் பின்பாதி முதல் ஏப்ரல் வரையும், அக்டோபர் பின்பாதி முதல் நவம்பர் முதல் வாரங்கள் வரையும் நல்ல காலம். முதலாவது பூக்காலம், இரண்டாவது இலைகள் நிறம் மாறும் காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், புழுக்கமும் சேரும். அந்த நேரத்தில் வெந்நீர்க் குளியலுக்கு மனமே வராது. குளிர்காலத்தில் மரங்கள் மொட்டையாக இருந்தாலும் குளியலுக்கு அதைவிடச் சுகமான காலம் இல்லை. வார நாட்களில் கூட்டமும் குறைவு.

வசந்தத்தில் இந்தப் பக்கம் இடி மழையும் சூறாவளியும் வருவதுண்டு. கைபேசியில் அவசர எச்சரிக்கை வசதியை அணைத்துவைக்காதீர்கள். 'டொர்னாடோ வாட்ச்' என்றால் வர வாய்ப்பிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். 'டொர்னாடோ வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டிருக்கிறது; உடனே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும்.

தேதி குறிக்குமுன் பார்க்க வேண்டியது ஓக்லான் குதிரைப் பந்தய நாட்காட்டி. டிசம்பரிலிருந்து மே தொடக்கம் வரை பந்தயப் பருவம். அந்த வாரக் கடைசிகளில் அறை வாடகை ஏறிவிடும், கடைத்தெருவான சென்ட்ரல் அவென்யூவில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பருவத்தின் பெரிய பந்தயமான ஆர்கன்சா டெர்பி நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பதே பாடு. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளில் 98 அடி நீளமே உள்ள பிரிட்ஜ் தெருவில் ஓர் ஊர்வலம் நடக்கும், அதைப் பார்க்க நடுத்தெரு நிறையக் கூட்டம் வரும். அதற்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். ஆனால் செவ்வாய் பற்றி ஆறாம் பகுதியில் சொல்வதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. காரும் காகிதங்களும்

கார் இல்லாமல் கடைத்தெருவை மட்டும் பார்க்கலாம், கவுண்டியைப் பார்க்க முடியாது. விமானத்தில் வந்தால் லிட்டில் ராக்கில் இறங்கி அங்கேயே வாடகைக் கார் எடுங்கள். ஐ-30 நெடுஞ்சாலையில் மேற்கே வந்து 111ஆம் வெளிவழியில் (எக்ஸிட்) யு.எஸ். 70 சாலையைப் பிடித்தால் நேராக வந்துவிடலாம். சுமார் 55 மைல். டல்லஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஐ-30இல் 78ஆம் வெளிவழியான காடோ வேலியில் இறங்கி 7ஆம் எண் சாலையில் வடக்கே வரலாம். அது வளைவு நெளிவான சாலை; இரவில் வருவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போய் 98ஆம் வெளிவழியில் யு.எஸ். 270 பிடிப்பது நல்லது. மெம்ஃபிஸிலிருந்து மூன்று மணி நேரம், பென்டன்வில்லிலிருந்து மூன்றரை மணி நேரம் ஆகும். ரயிலில் வர நினைத்தால் ஆம்ட்ராக் நிற்கும் அருகிலுள்ள நிலையம் மால்வெர்ன்தான். அங்கிருந்து வண்டி பிடிப்பது கடினம் என்பதால் ரயிலை நம்பாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

ஓட்டுநர் உரிமம். ஊரிலிருந்து வந்த உறவினர் வண்டி ஓட்டப் போகிறார் என்றால் அவருடைய இந்திய அல்லது இலங்கை உரிமம், கடவுச்சீட்டு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மூன்றும் வேண்டும். அந்த அனுமதியை அவர் கிளம்புமுன் சொந்த நாட்டிலேயே வாங்கியிருக்க வேண்டும், அமெரிக்காவில் வாங்க முடியாது.

வாடகைக் காருக்கு, ஓட்டுகிறவர் பெயரிலேயே உள்ள கடன் அட்டை. டெபிட் அட்டையென்றால் பல நிறுவனங்கள் பெரிய தொகையை வைப்பாகப் பிடித்துவைக்கும், சிலர் மறுத்தும்விடுவார்கள். 25 வயதுக்குட்பட்டவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு.

குழந்தை இருக்கை. ஆர்கன்சா சட்டப்படி 6 வயதுக்கும் 60 பவுண்டு எடைக்கும் குறைந்த பிள்ளைகள் அதற்குரிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். வாடகைக் கார்க் கடையில் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். விமான நிறுவனங்கள் பெரும்பாலும் குழந்தை இருக்கையைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்ளும். அதனால் வீட்டிலிருப்பதையே கொண்டுவருவது மிச்சம்.

தேசியப் பூங்கா ஆண்டு அட்டை இந்த ஊருக்காக வாங்க வேண்டியதில்லை. நுழைவு இலவசம் என்பதால் அதற்கு இங்கே வேலை இல்லை.

4. எங்கே தங்குவது

இரண்டு வழி. ஒன்று, குளியல் வீடுகளுக்கு நடந்து போகும் தூரத்தில் சென்ட்ரல் அவென்யூவை ஒட்டிய ஓட்டல்கள். இங்கே பல கட்டடங்கள் பழையவை. லிஃப்ட் மெதுவாக வரும், அறைக்கு அறை தரம் மாறும். அண்மையில் எழுதப்பட்ட விமர்சனங்களைப் படித்து, புதுப்பித்த அறையா என்று கேட்டு எடுங்கள். இன்னொன்று, தெற்கே லேக் ஹேமில்டன் கரையில் இருக்கும் ஓட்டல்களும் வாடகை வீடுகளும். சமையலறையோடு கிடைக்கும், கார்வன் தோட்டம் பக்கம், ஆனால் கடைத்தெருவுக்கு ஒவ்வொரு முறையும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு இரவு தங்கல் என்றால் கடைத்தெரு. நான்கு இரவு, இரண்டு குடும்பம் என்றால் ஏரிக்கரை.

தளத்தில் காட்டும் வாடகையின் மேல் மாநில, கவுண்டி, நகர வரிகளும் சுற்றுலா வரியும் சேரும். மொத்தம் பத்து விழுக்காட்டைத் தாண்டும். பணம் கட்டும் பக்கம் வரை போய் இறுதித் தொகையைப் பார்த்த பிறகே இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள்.

கூடாரம் அடிப்பவர்களுக்குப் பூங்காவின் கல்ஃபா கோர்ஜ் முகாம் இருக்கிறது. ஓடைக்கரை, நல்ல நிழல், ஒவ்வோர் இடத்துக்கும் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு. ஓர் இரவுக்கு 30 டாலருக்குச் சற்று மேல். பணத்தாள் வாங்க மாட்டார்கள், அட்டைதான். முக்கியமான குறை, குளிக்க ஷவர் கிடையாது. வெந்நீர் ஊற்று ஊரில் முகாமில் குளியலறை இல்லை என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தெரிந்து வந்தால் குளியல் வீட்டுக்குப் போகும் நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

5. முதல் காலை: வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள்

எக்ஸ்சேஞ்ச் தெருவில் நகராட்சியின் பலமாடி வண்டி நிறுத்தம் இருக்கிறது, இலவசம். குளியல் வீட்டு வரிசைக்கு ஒரு தெரு பின்னால். ஜிபிஎஸ்ஸில் பூங்காவின் பெயரைப் போட்டால் அது உங்களைச் சென்ட்ரல் அவென்யூ நடுவில் கொண்டுபோய் விடும். அங்கே இடமில்லாமல் தனியார் கட்டண நிறுத்தத்தில் பத்து, இருபது டாலர் கொடுத்துவிட்டு நிற்பீர்கள். 'எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரீட் பார்க்கிங்' என்று போடுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கீழ்த்தளத்திலேயே இடம் கிடைக்கும்.

அங்கிருந்து நடந்து சென்ட்ரல் அவென்யூவைக் கடந்தால் எட்டுக் குளியல் வீடுகள் வரிசையாக நிற்கும். வடக்கிலிருந்து தெற்காக: சுபீரியர், ஹேல், மாரிஸ், ஃபோர்டைஸ், குவாபா, ஓசார்க், பக்ஸ்டாஃப், லமார். பெயர்ப்பலகையைப் பார்த்து எல்லாவற்றிலும் குளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குளிக்க வருகிறவர்களுக்குத் திறந்திருப்பவை குவாபாவும் பக்ஸ்டாஃபும் மட்டுமே. சுபீரியரில் ஊற்று நீரிலேயே பீர் காய்ச்சி விற்கிறார்கள். ஹேல் ஓட்டலாகிவிட்டது. லமாரில் பூங்காவின் கடை.

ஃபோர்டைஸ்தான் வருகையாளர் மையம். காலை 9 முதல் மாலை 5 வரை, இலவசம். நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்று நாளும் மூடியிருக்கும். வரைபடம் வாங்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள். 1915இல் திறந்த அந்தக் குளியல் வீட்டை அப்படியே பழுதுபார்த்து, மேல்மாடி வரை நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆண்கள் குளியல் கூடத்தின் வண்ணக் கண்ணாடி விதானம், மின்சாரத்தாலும் நீராவியாலும் வைத்தியம் செய்த அறைகள், மரக்கருவிகளோடு இருக்கும் உடற்பயிற்சிக் கூடம், அடித்தளத்தில் கண்ணாடி வழியே தெரியும் ஊற்று, இவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த ஊரில் காசில்லாமல் பார்க்கக் கிடைப்பதில் மிகச் சிறந்தது இதுதான். அடுத்து நீங்கள் குளிக்கப் போகும் இடத்தில் எந்தத் தொட்டி எதற்கு என்பதும் இங்கே புரிந்துவிடும்.

வெளியே வந்து கட்டடங்களுக்குப் பின்னால் ஏறினால் கிராண்ட் ப்ரோமனேட், செங்கல் பாவிய அரை மைல் நடைபாதை. முதியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் போகலாம். ஊற்று நீரைக் கையால் தொட இரண்டு நல்ல இடங்கள்: மாரிஸுக்குப் பின்னால் உள்ள காட்சி ஊற்று, வடகோடியில் ஆர்லிங்டன் புல்வெளியில் பாறையிலிருந்து இறங்கும் வெந்நீர் அருவி. நீர் நிலத்திலிருந்து வரும்போது சராசரியாக 143 ஃபாரன்ஹீட், அதாவது 62 செல்சியஸ். விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பிள்ளைகள் கையை முழுதாக விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்நாள் காலையில் போனால் ஆவி எழுவது நன்றாகத் தெரியும்.

6. குளியல்: இரண்டு வீடு, இரண்டு முறை

குவாபாவில் பொதுக் குளங்கள். ஆணும் பெண்ணும் நீச்சலுடையோடு ஒரே கூடத்தில் இறங்கலாம், குடும்பமாகச் சேர்ந்திருக்கலாம். ஊற்று நீரைக் குளிரவைத்து, குளத்துக்குக் குளம் வெப்பம் மாறும்படி, 95 முதல் 104 ஃபாரன்ஹீட் வரை வைத்திருப்பார்கள். பொதுக் குளத்துக்கு முன்பதிவு கிடையாது, வந்த வரிசைதான். இருவர் மட்டும் இருக்கும் தனித்தொட்டி அறைக்கு முன்பதிவு வேண்டும். பொதுக் குளத்துக்கு ஒருவருக்கு 25 டாலரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எச்சரிக்கை. குளத்தில் 14 வயதுக்குட்பட்டவர்களை விடுவதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பெரியவர்கள் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பிள்ளைகளோடு நடைபாதையில் இருக்கும்படிதான் திட்டமிட வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் வரிசை வாசலைத் தாண்டும். திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள், ஈரத்தரை வழுக்கும்.

பக்ஸ்டாஃபில் பழைய முறை. 1912 முதல் இடைவிடாமல் நடக்கிறது. ஆண்களுக்குத் தனித் தளம், பெண்களுக்குத் தனித் தளம், உதவியாளர்களும் அந்தந்தப் பாலினத்தவரே. முன்பதிவு இல்லை. உடைமாற்றும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அதன் பிறகு நிலைகள் வரிசையாக வரும். சுழல்நீர்த் தொட்டியில் ஏறக்குறைய இருபது நிமிடம். அங்கேயே குடிக்க ஊற்று நீர் தருவார்கள். பிறகு படுக்கவைத்து முதுகு, மூட்டுகளில் சூடான துணி ஒத்தடம். பிறகு இடுப்பளவு உட்காரும் சிறு தொட்டி. பிறகு தலை மட்டும் வெளியே தெரியும் நீராவிப் பெட்டி. கடைசியாக நாற்புறமும் ஊசியாய்ப் பாயும் ஷவர். மசாஜ் தனிக் கட்டணம், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளியல் மட்டும் 40 முதல் 50 டாலர், மசாஜும் சேர்த்தால் 100ஐ நெருங்கும். உதவியாளருக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம்; சில்லறைத் தாள்களாகக் கையில் வைத்திருங்கள்.

உடையில்லாமல் துணி சுற்றிக்கொள்வது நம்மவர்களில் பலருக்குச் சங்கடம். நீச்சலுடை அணிந்துகொள்ளத் தடையில்லை. "நான் உடையோடே இருக்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இந்தக் கூச்சத்தால் வாசல் வரை வந்து திரும்பிப் போக வேண்டாம். தாலி, வளையல், மோதிரம், காதணி எல்லாவற்றையும் அறையிலேயே பத்திரப்படுத்திவிட்டு வருவது நல்லது. நீராவிப் பெட்டிக்குள் உலோகம் சுடும், ஈரக்கையில் மோதிரம் நழுவும்.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பக்ஸ்டாஃப் காலை 8 மணிக்குத் திறக்கும், நடுப்பகலில் ஓர் இடைவேளை, பிற்பகலில் சீக்கிரமே ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். மாலையில் குளிக்கலாம் என்று மலையேறிவிட்டு வந்தால் கதவு சாத்தியிருக்கும். காலை 7.45க்கு வாசலில் நிற்பதுதான் உறுதியான வழி.

மாரடைப்பு வந்தவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நீராவிப் பெட்டி வேண்டாமென்றால் அந்த நிலையைத் தவிர்க்கச் சொல்லலாம். வெறும் வயிற்றிலும் போக வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் போக வேண்டாம். குளித்து முடித்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வருமே, அதே அசதி வரும். உடனே வண்டி எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். அன்று பிற்பகலில் மலையேற்றம் வைக்காதீர்கள்.

7. தண்ணீர் பிடிப்பது

ஊற்று நீர் குடிக்க உகந்தது, பிடித்துக்கொண்டு போக இலவசம். கந்தக வாடை துளியும் இல்லை. எரிமலையால் சூடாகும் நீர் அல்ல இது. மழை நீர் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை ஏற்று, பாறை வெடிப்பு வழியாகச் சட்டென்று மேலேறி வருவது. இறங்கி ஏற ஏறக்குறைய 4,400 ஆண்டுகள் ஆகிறது. லமாருக்குத் தெற்கே ரிசர்வ் தெரு அருகில் குடங்களில் பிடிப்பதற்கென்றே குழாய்கள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் வண்டி நிறையக் கேன்களோடு வருவார்கள், வரிசையில் நில்லுங்கள்.

குழாயில் வருவதும் சூடான நீர்தான். கடையில் வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் நெளிந்துபோகும், கேனைப் பிடித்த கையும் சுடும். கனமான கேன் அல்லது எவர்சில்வர் பாத்திரம், பிடித்துக்கொள்ள ஒரு துண்டு, இவை போதும். ஆறாமல் மூடியை இறுக்காதீர்கள். குளிர்ந்த ஊற்று நீர் வேண்டுமென்றால் ஃபவுண்டன் தெருவின் ஹேப்பி ஹாலோவிலும் விட்டிங்டன் அவென்யூவிலும் குழாய்கள் உண்டு. விமானத்தில் திரும்புகிறவர்கள் இதைக் கைப்பையில் வைக்க முடியாது.

8. மலையும் கோபுரமும்

குளியல் வீடுகளுக்குப் பின்னால் எழுவது ஹாட் ஸ்பிரிங்ஸ் மலை. உச்சியில் 216 அடிக் கோபுரம், லிஃப்டில் ஏறிச் சுற்றிலும் பார்க்கலாம், கட்டணம் உண்டு. பனிமூட்ட நாளில் அந்தக் காசு வீண்; கீழிருந்து கோபுரத்தின் தலை தெரியவில்லை என்றால் ஏறாதீர்கள். காரில் போகும் பாதை குறுகலான கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, 30 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடந்து போக கிராண்ட் ப்ரோமனேடிலிருந்து பீக் டிரெய்ல், அரை மைலுக்குச் சற்று அதிகம். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், செங்குத்தாக ஏறும்.

கோடையில் காட்டுப் பாதையில் உண்ணிகள் அதிகம். முழுக்காற்சட்டை, வெளிர்நிறக் காலுறை, பூச்சி விரட்டித் தைலம். திரும்பியதும் முழங்கால் பின்புறம், இடுப்பு, காது மடல், பிள்ளைகளின் தலைமுடி இவற்றைத் தடவிப் பாருங்கள். பூங்காவுக்குள் கல், செடி எதையும் எடுக்கக் கூடாது, கூழாங்கல்லும் சேர்த்துத்தான்.

9. கார்வன் தோட்டம்

லேக் ஹேமில்டனுக்குள் நீண்டிருக்கும் 210 ஏக்கர் மரச்சோலை. ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கடைத்தெருவிலிருந்து சுமார் இருபது நிமிடம். பெரியவர்களுக்கு 20 டாலரை ஒட்டிக் கட்டணம். மார்ச் பின்பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை டியூலிப், அதையடுத்து அசேலியா. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய மாலையில் விளக்கு அலங்காரம், அதற்குத் தனிச் சீட்டு, தேதி குறித்து முன்கூட்டி வாங்க வேண்டும். அது முடிந்ததும் ஜனவரியில் தோட்டத்தை மூடுவது வழக்கம்.

உள்ளே தவறவிடக் கூடாதது ஆந்தனி சேப்பல். கண்ணாடியும் மரமுமாக 57 அடி உயரம், உள்ளே நின்றால் காட்டுக்குள் நிற்பதுபோலவே இருக்கும். அங்கே திருமணங்கள் நடப்பதால் வாரக் கடைசிகளில் பல மணி நேரம் பார்வையாளர்களை விடமாட்டார்கள். சீட்டு வாங்கும்போதே "சேப்பல் இப்போது திறந்திருக்கிறதா?" என்று கேட்டு, திறந்திருந்தால் முதலில் அங்கே போங்கள். முழுத் தோட்டத்தையும் நடக்க இரண்டரை மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவர்களுக்கு கோல்ஃப் வண்டிச் சுற்றுலா உண்டு.

10. ஏரிகள்

மூன்று ஏரிகளும் அணை கட்டி உண்டாக்கியவை. லேக் ஹேமில்டன் கரை முழுக்க வீடுகளும் படகுத்துறைகளும். லேக் கேத்தரின் சின்னது, அங்கே மாநிலப் பூங்காவில் சிறு அருவிக்குப் போகும் நல்ல நடைபாதை உண்டு. லேக் ஒவாச்சிட்டா பெரியது, சுமார் 40,000 ஏக்கர், சுற்றிலும் காடு, நீர் தெளிவு. ஒருநாள்தான் இருக்கிறது என்றால் அதற்குப் போங்கள். யு.எஸ். 270இல் மேற்கே மூன்று மைல், பிறகு 227ஆம் சாலையில் வடக்கே பன்னிரண்டு மைல். ஆர்கன்சா மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே போகும்போது கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படகு எடுக்குமுன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1986 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் ஆர்கன்சாவில் மோட்டார் படகோ பாய்ப்படகோ ஓட்ட, படகுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். இணையத்தில் படித்துத் தேர்வெழுதி வாங்கலாம், அதற்குச் சில மணி நேரம் போகும். ஏரிக்கரையில் நின்றுகொண்டு செய்கிற வேலையில்லை. குழுவில் அதற்கு முன் பிறந்த ஒருவர் ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. துடுப்பு போடும் கயாக்குக்குச் சான்று வேண்டாம். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் படகில் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும், பக்கத்தில் வைத்திருந்தால் போதாது. தூண்டில் போட 16 வயதிலிருந்து உரிமம் தேவை. வெளிமாநிலத்தவருக்குச் சில நாட்களுக்கான குறுகிய கால உரிமம் கிடைக்கும்.

11. படிகம் தோண்டுதல்

பிள்ளைகள் இந்தப் பயணத்தில் மறக்கவே மாட்டாத பகுதி இது. 7ஆம் சாலையில் வடக்கே ஜெசிவில் பக்கம் ரான் கோல்மன் சுரங்கம். குவார்ட்ஸ் படிகம் வெட்டி எடுக்கிற சுரங்கத்தின் கழிவு மண்ணைக் கொட்டிவைத்திருப்பார்கள். கட்டணம் கட்டிவிட்டு நாள் முழுக்கக் கிளறலாம், கிடைத்ததெல்லாம் உங்களுக்கே. பெரியவர்களுக்கு 25 டாலர் அளவில் எடுத்துவையுங்கள். யு.எஸ். 270இல் இன்னும் மேற்கே மவுன்ட் ஐடா ஊரைச் சுற்றியும் இப்படிச் சுரங்கங்கள் உண்டு.

எடுத்துப் போக: சிறு கைக்கொத்து, நீளமான திருப்புளி, தோட்டத்துக் கையுறை, வாளி, பழைய செய்தித்தாள், தொப்பி, நிறையத் தண்ணீர். மூடிய காலணி கட்டாயம், படிக முனை செருப்பைக் கிழித்துவிடும். மண் சிவப்புக் களி, துணியில் பட்டால் போகாது. தூக்கிப் போடப் போகிற உடையில் போய், காரில் ஏறுமுன் மாற்றிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் இருக்கையில் பழைய போர்வை விரியுங்கள்.

சிறந்த நாள், நல்ல மழை பெய்து மறுநாள் வெயில் அடிக்கும் நாள். மழை களியைக் கழுவிவிட்டிருக்கும், படிகத்தின் முகங்கள் வெயிலில் மின்னும். முதல் அரைமணி நேரம் தோண்டாமல் சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நடந்து மின்னுவதைப் பொறுக்குங்கள். பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து கிளறுங்கள். மின்னியதைத் திருப்புளியால் நெம்பினால் முனை உடையும், சுற்றிலும் மண்ணை விலக்கிக் கையால் எடுங்கள். கோடையில் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள், நிழல் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கற்களை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த களி வெடித்து உதிரும், பிறகு தோட்டத்துக் குழாயால் அடித்தால் போய்விடும். வீட்டுச் சாக்கடையில் கழுவினால் களி அடைத்துக்கொள்ளும். மிஞ்சும் மஞ்சள், பழுப்புக் கறை இரும்பால் வருவது. அதை எடுக்க ஆக்சாலிக் அமிலத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கற்களைப் பல நாள் ஊறவிடுவார்கள். அது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போட்டு, திறந்த வெளியில், பிள்ளைகளும் நாயும் நெருங்காத இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். வேகமாகப் போகட்டும் என்று அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள், ஆவி நுரையீரலைப் புண்ணாக்கும். கடைசியில் சமையல் சோடா கரைத்த நீரில் அலசுங்கள். இவ்வளவு செய்ய முடியாது என்றால் கறையோடே வைத்துக்கொள்ளலாம், அழகு குறையாது.

வைரம் தேடும் மாநிலப் பூங்கா மர்ஃப்ரீஸ்பரோவில் இருக்கிறது. அது வேறு கவுண்டி, அறுபது மைல் தள்ளி. இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் இரண்டிலும் ஒன்றும் கிடைக்காது.

12. பிள்ளைகளுக்கு

மழை நாளுக்கு மிட்-அமெரிக்கா அறிவியல் அருங்காட்சியகம்: மரங்களுக்கிடையே தொங்கும் நடைபாலம், பெரிய டெஸ்லா சுருள் காட்சி. காட்சி நேரத்தை நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். மேஜிக் ஸ்பிரிங்ஸ் கேளிக்கைப் பூங்கா கோடையில்தான் தினமும் இயங்கும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரும்பாலும் வாரக் கடைசி மட்டும். வண்டி நிறுத்தத் தனிக்காசு.

13. சாப்பாடு

சைவர்கள் கவனிக்க: அமெரிக்கத் தென்மாநிலச் சாப்பாட்டில் மறைவான இறைச்சி அதிகம். 'கிரீன் பீன்ஸ்', 'காலர்ட் கிரீன்ஸ்' இரண்டும் பெரும்பாலும் பன்றித் துண்டு போட்டே வேகவைப்பவை. சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், மெக்சிகோ கடையின் மசித்த பீன்ஸிலும்தான். "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் ஆமென்று சொல்லிவிடுவார்கள். பேக்கன், ஹாம், லார்ட், சிக்கன் ப்ராத் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதியவர்களோடு போனால் சிறிய மின்குக்கரும் அரிசியும் ஊறுகாயும் காரில் இருக்கட்டும். ஓட்டல் அறையில் சமைக்கக் கூடாதென்றால் சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள்.

14. இரண்டு நாள் வரிசையும் செலவும்

முதல் நாள் காலை 7.45 பக்ஸ்டாஃப், அல்லது திறக்கும் நேரத்துக்குக் குவாபா. பத்தரை மணிக்கு ஓய்வு, பிறகு ஃபோர்டைஸ், மதியச் சாப்பாடு, நடைபாதை. மாலை வெளிச்சம் இருக்கும்போது காரில் கோபுரம். இரண்டாம் நாள் காலை படிகம், மதியம் அறைக்கு வந்து குளித்து உடைமாற்றி, மூன்று மணிக்குக் கார்வன். மூன்றாம் நாள் இருந்தால் ஒவாச்சிட்டா. செவ்வாயன்று வந்துசேர்கிறவர்கள் ஏரியை முதல் நாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரியவர் இருவர், சிறுவர் இருவர் என்றால் தங்குமிடமும் பெட்ரோலும் சாப்பாடும் நீங்கலாக, இரு பெரியவர் குவாபாக் குளியல், நால்வர் கோபுரம், கார்வன், படிகம் எல்லாம் சேர்ந்து 250 முதல் 300 டாலர். கையில் இறுக்கம் என்றால் கோபுரத்தை விட்டுவிடுங்கள், மலைச்சாலையிலேயே காட்சி முனைகள் இருக்கின்றன. குளியலை விடாதீர்கள். கட்டணங்களும் வேலை நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்பும் வாரத்தில் அந்தந்த இடத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் கேனை எடுத்துக்கொண்டு ரிசர்வ் தெருக் குழாய்க்குப் போங்கள். எட்டு மணிக்கு முன்னால் வரிசை இருக்காது.